மார்கழிப் பூ, மாசிப் பழம்: வேலூரில் ஆக்ஸ்ஹார்ட் தக்காளி

வேலூர் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. தக்காளிச் செடிக்கு வாயிருந்தால், அது பகலை விட்டுவிட்டு இரவைத்தான் திட்டும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெடும் என்பது தோட்டம் போடும் பலருக்கும் தெரியும். இரவு வெப்பம் 21, 22 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும் பூ பிடிக்காமல் உதிரும் என்பதை யாரும் அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை. பெரிய காய் காய்க்கும் ரகங்களில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். அதிலும் ஆக்ஸ்ஹார்ட் என்ற பாரம்பரியத் தக்காளி, பூ விஷயத்தில் சரியான சிணுங்கி. காட்பாடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சில ஆண்டுகளாக இதை வளர்த்துவருகிறேன். யாராவது வந்து யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: செடி பூக்கும் காலத்தை மார்கழிக் குளிருக்குள் கொண்டுவந்துவிடுங்கள். உரம், மருந்து, பந்தல் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஆக்ஸ்ஹார்ட் என்பது ஒற்றை ரகத்தின் பெயர் அல்ல. காம்புப் பக்கம் தோள் அகன்று, நுனி கூம்பி, மாட்டின் இதய வடிவில் காய்க்கும் தக்காளிகளுக்கெல்லாம் அது பொதுப்பெயர். இத்தாலிக்காரர்களின் ‘குவோரே தி புவே’ இந்த வகைதான். ரஷ்யாவிலும் இந்த வடிவத்தில் பல ரகங்கள் உண்டு. அமெரிக்க விதை வியாபாரத்தில் 1920-களிலேயே இந்தப் பெயர் புழங்கியது. இளஞ்சிவப்பு, சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என நிறங்கள் பல. நான் வளர்ப்பது இளஞ்சிவப்பு.

பழத்தைக் குறுக்கே அறுத்தால் வித்தியாசம் தெரியும். நம் ஊர் ரகமான பி.கே.எம். 1 தக்காளியை வெட்டினால் அறை அறையாகப் பிரிந்து, விதையும் கொழகொழப்புமாகப் பலகையில் வழியும். ஆக்ஸ்ஹார்ட்டில் கத்தி சதைக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். ஓரத்தில் சிறு சிறு பொந்துகள், அவற்றில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் விதை, அவ்வளவுதான். புளிப்பு குறைவு. தோல் மெல்லியது, கட்டைவிரலால் அழுத்தினாலே தடம் விழும். மதனப்பள்ளி, பலமநேர்ப் பக்கமிருந்து கிரேட்டில் அடுக்கி லாரியில் வரும் தக்காளிகளோடு இது ஒருநாளும் பயணம் செய்யாது. அதனால்தான் கடையில் கிடைப்பதில்லை. கடையில் கிடைக்காத ஒன்றுக்காகக் கொல்லையில் பாடுபடுவதில் அர்த்தம் இருக்கிறது என்பது என் கட்சி. கத்தரியும் வெண்டையும் உழவர் சந்தையில் காலை நேரத்தில் பறித்த ஈரத்தோடு கிடைக்கும்போது அதை ஏன் நான் வளர்க்க வேண்டும்?

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆக்ஸ்ஹார்ட் விஷயத்தில் அந்தப் பழமொழியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். ஆடியில் விதைத்தால் புரட்டாசியில் பூக்கும். வேலூரில் அந்த மாத இரவுகள் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். போதாக்குறைக்கு மாலையில் இடியோடு மழை. செடி ஆளுயரம் வளர்ந்து, கொத்துக்கொத்தாகப் பூத்து, காலையில் பார்த்தால் காம்பின் கணுவில் மஞ்சள் கட்டிப் பூவெல்லாம் பாத்தியில் கிடக்கும். பின்னோக்கிக் கணக்குப் போடுவதுதான் சரி. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை நம் ஊர் இரவு 18, 19 டிகிரிக்கு இறங்குகிறது. அந்த இரண்டு மாதம்தான் பூவுக்கு. நாற்று நட்டுப் பூவெடுக்க ஐந்தாறு வாரம் ஆகும். நாற்றங்காலில் நான்கு வாரம். ஆக, விதை ஊன்ற வேண்டியது புரட்டாசியின் பின்பாதி, நடவு ஐப்பசிக் கடைசி அல்லது கார்த்திகைத் தொடக்கம். பூத்துப் பிடித்த காய் பழுக்க ஏழெட்டு வாரம் எடுப்பதால் மாசியில் பழம் வரும். பங்குனி பிறந்து இரவு 22, 23 டிகிரி ஆகிவிட்டால் புதுப்பூவில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்; ஏற்கெனவே பிடித்த காய்களைக் காப்பாற்றினால் போதும்.

இந்தக் கணக்கில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நடவு வேலை சரியாக வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டது இந்தப் பக்கத்து மக்களுக்கு மறந்திருக்காது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தாலே கொல்லையில் இரண்டு நாள் தண்ணீர் நிற்கும். தக்காளி வேர் தண்ணீரில் ஒரு நாள் முழுகினாலே செடி தொங்கிவிடும். அதன் பிறகு பிழைத்தாலும் பழைய தெம்பு வராது. அதனால் சமதளத்தில் நடவே கூடாது. முழங்கால் உயரம் மேட்டுப்பாத்தி போட வேண்டும். எங்கள் மண் மணல் கலந்த செம்மண். அதோடு நன்றாக மக்கிய தொழு உரத்தை மூன்றில் ஒரு பங்கு கலக்கிறேன். குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. தழைச்சத்து அதிகமானால் செடி காடாக வளருமே தவிரப் பூவெடுக்கத் தாமதிக்கும். நம்மிடம் இருப்பதோ இரண்டு மாதக் குளிர். யூரியாப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

மாடியில் பையில் வளர்க்கலாமா என்று நகரத்துக்குள் இருப்பவர்கள் கேட்கிறார்கள். வளர்க்கலாம். ஆனால் கத்தரி, மிளகாய்க்கு வாங்கும் சின்னப் பை இதற்கு ஆகாது. செடிக்கு 40 லிட்டர் மண்ணாவது பிடிக்கும் பையாக இருக்க வேண்டும், மேற்குப் பக்கம் ஒரு சுவரோ பச்சை வலையோ மறைக்க வேண்டும். மாசி மாத மொட்டைமாடித் தரை சுடுவதைக் கால் வைத்துப் பார்த்தாலே புரியும். பைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்குங்கள்.

நாற்றங்கால் மாதம்தான் இந்தச் செடியின் தலையெழுத்தை எழுதுகிறது. காரணம் வெள்ளை ஈ. இலைச்சுருள் நச்சுயிரியைப் பரப்புவது அதுதான். சந்தையில் கிடைக்கும் கலப்பின ரகங்கள் பலவற்றில் இந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தியைச் சேர்த்திருக்கிறார்கள். பாரம்பரிய ஆக்ஸ்ஹார்ட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. நாற்றுப் பருவத்தில் நோய் வந்தால் செடி ஒரு சாண் உயரத்திலேயே நின்றுபோகும், ஒரு காய்கூட வராது. மருந்தும் இல்லை. ஆகவே விதை ஊன்றிய அன்றே தட்டின் மேல் கண் நெருக்கமான நைலான் வலையை வளைவுக் கம்பிகளில் போட்டு, ஓரத்தை மண்ணால் மூடிவிட வேண்டும். கொசுவலை பெரிய பூச்சிகளைத் தடுக்கும். வெள்ளை ஈ அதில் புகுந்துவிடும். தண்ணீர் தெளிக்க வலையைத் தூக்கும்போதும் காலை குளிர்ச்சியில் தூக்குங்கள், அப்போது ஈ மந்தமாக இருக்கும். நட்ட பிறகும் இரண்டு வாரம் வலை இருக்கட்டும். பக்கத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று தொங்கவிட்டால், ஈ எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பொறியே ஈயை ஒழித்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். ஆக்ஸ்ஹார்ட்டின் இலை இயல்பிலேயே மெலிந்து, நூலாகத் தொங்கும். மற்றத் தக்காளியின் இலை அகன்று விறைப்பாக நிற்கும்போது இது பகல் பதினொரு மணிக்குத் தலை கவிழ்ந்து, தண்ணீர் கண்டு ஒரு வாரம் ஆன தோற்றத்தில் நிற்கும். எங்கள் அத்தைக்கு இதைப் பார்த்தாலே பொறுக்காது.

“செடி வாடி நிற்கிறது, நீ பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாயே” என்பார்.

“அத்தை, அது அப்படித்தான் நிற்கும். மண்ணைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் இருக்கிறது” என்றால், “மண்ணுக்கா தாகம்? செடிக்குத்தானே” என்று சொம்போடு போய்விடுவார். அன்பினால் ஊற்றும் அந்தத் தண்ணீர்தான் இந்தச் செடிக்கு முதல் எதிரி.

வாட்டத்தைப் பகலில் பார்க்காதீர்கள். விடியற்காலையில் பாருங்கள். இரவெல்லாம் ஆறிய பிறகும் நுனிக்குருத்து தொங்கினால்தான் தண்ணீர்ப் பஞ்சம், அல்லது வேர்க்கோளாறு. குருத்து நிமிர்ந்து, கீழ் இலைகள் மட்டும் தொங்கினால் அது அதன் சுபாவம். இலைச்சுருளையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. நோயால் சுருளும் இலை நுனிக்குருத்தில் தொடங்கும்; இலை சிறுத்து, ஓரம் மஞ்சளோடி, கிண்ணமாக மேல்நோக்கிக் குழியும், கணுவுக்குக் கணு இடைவெளி குறையும். வெயிலுக்கும், கிளை கிள்ளும் கவாத்துக்கும் சுருளும் இலை அடியில் தொடங்கும். பச்சை மாறாமல் தடித்துச் சுருண்டிருக்கும், நுனி வளர்ந்துகொண்டே போகும். முதலாவதைப் பார்த்தால் அன்றே செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இரண்டாவதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

நடவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடத்திலெல்லாம் வேர் விடும் என்பதால் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுப் பாதித் தண்டு வரை புதைக்கலாம். மழைக்காலத்தில் ஆழக் குழி எடுக்காமல், தண்டைச் சாய்வாகப் படுக்கவைத்துப் புதைப்பது உத்தமம். செடிக்குச் செடி இரண்டரை அடி. நெருக்கினால் காற்று புகாமல் இலைக்கருகல் வரும்.

மண்ணின் மேல் பரப்பும் மூடாக்குக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல் தாராளமாகக் கிடைக்கிறது. செக்கு, மில் இருக்கும் எந்த ஊரிலும் மூட்டை கேட்டால் கொடுப்பார்கள். ஈரம் காக்க அதைவிட நல்ல பொருள் இந்த ஊரில் இல்லை. ஒரே எச்சரிக்கை: மல்லாட்டையில் தண்டழுகலை உண்டாக்கும் பூஞ்சை தக்காளியையும் பிடிக்கும். அடித்தண்டைச் சுற்றி வெள்ளை நூலும், கடுகளவு பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் அதுதான். தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளித் தோலைப் பரப்பினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. மல்லாட்டை வயலுக்குப் பக்கத்தில் தோட்டம் இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. அந்தப் பயிரின் மொட்டுக்கருகல் நச்சுயிரியை இலைப்பேன்கள் தக்காளிக்கும் கடத்துகின்றன. குருத்து வெண்கல நிறமாகிக் கருகும், காயில் வளையம் வளையமாகத் திட்டு விழும். அதற்கும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

ஆக்ஸ்ஹார்ட் கொடி வகை. வளர விட்டால் ஏழடியும் தாண்டும். தண்டோ சோனி. அதில் கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள காய் மூன்று ஒரே கொத்தில் தொங்கினால் என்ன ஆகும்? செடிக்கு ஒரு சவுக்குக் கம்பு, ஆறடி மண்ணுக்கு மேலே, ஒன்றரை அடி மண்ணுக்குள். நடும்போதே ஊன்றிவிட வேண்டும்; பிறகு ஊன்றினால் வேர் அறும். கட்டுவதற்குச் சணல் கயிற்றைவிடப் பழைய நூல் புடவைக் கிழிசல் நல்லது, தண்டை அறுக்காது. காய் எலுமிச்சை அளவு ஆனதும் கொத்தின் காம்புக்கு அடியில் ஒரு துணிப்பட்டையைத் தூளியாகக் கொடுத்துக் கம்பில் கட்டிவிடுங்கள். கொத்துக்காம்பு மடங்கினால் காய்க்குப் போகும் சாறும் தடைபடும், காய் அந்த அளவிலேயே நின்றுபோகும்.

இரண்டு தண்டு மட்டும் விட்டு மற்றப் பக்கக் கிளைகளைக் கிள்ளுகிறேன். முழுவதும் கிள்ளுவதில்லை, ஒவ்வொரு பக்கக் கிளையிலும் இரண்டு இலை வளரவிட்டு நுனியை மட்டும் எடுக்கிறேன். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களின் வீடியோக்களில் கீழிருந்து மேல்வரை மொட்டையடிப்பதைக் காட்டுவார்கள். அவர்களுக்கு வெயில் பஞ்சம். இங்கே மாசி வெயில் நேராகக் காயின் தோளில் அடித்தால் அந்த இடம் வெளுத்து, காகிதமாக உலர்ந்து, அதன் வழியே அழுகல் இறங்கும். இந்த ரகத்துக்கு ஏற்கெனவே இலை கொஞ்சம்தான். மேற்குப் பக்கத்து இலை ஒன்றைக்கூட நான் தொடுவதில்லை.

இனிப் பூவுக்கு வருவோம். மார்கழியில் முதல் கொத்து விரியும்போது கிட்டத்தில் போய்ப் பாருங்கள். சாதாரணத் தக்காளிப் பூவில் ஐந்தாறு இதழ் இருக்கும், நடுவில் மஞ்சள் கூம்பு ஒன்று. ஆக்ஸ்ஹார்ட்டின் முதல் கொத்தில் சில சமயம் ஒரு பூ மட்டும் வழக்கத்துக்கு மாறாகப் பருத்துக் கிடக்கும். இதழ் பத்துக்கு மேல், நடுவில் இரண்டு மூன்று கூம்புகள் ஒட்டி ஒரு தகடாக நிற்கும். பல பூக்கள் ஒன்றாக ஒட்டிப் பிறந்தது அது. பார்க்க ஆசையாக இருக்கும். அதிலிருந்து வருவது தழும்பும் பிளவும் ஏறிய கோணல் காய். கொத்தில் மற்றக் காய்களுக்குச் சேர வேண்டியதையும் அதுவே உறிஞ்சும். நகத்தால் கிள்ளி எறிந்துவிடுங்கள். கொத்துக்கு மூன்று காய் போதும், நான்காவது பிஞ்சையும் எடுத்துவிடுவது நல்லது.

தக்காளிப் பூ தன் மகரந்தத்தால் தானே பிடிப்பது. ஆனால் மகரந்தம் அந்தக் கூம்புக்குள் அடைபட்டிருக்கிறது, உலுக்கினால்தான் கொட்டும். தேன்கூடு கட்டும் சாதாரணத் தேனீயால் அது முடியாது. கரிய பெரிய தச்சுத் தேனீயும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். அந்த ரீங்காரத்தில் மகரந்தம் உதிரும். சுற்றுச்சுவர் அடைத்த கொல்லைகளில் காற்றும் குறைவு, இந்தத் தேனீக்களும் குறைவு. காலை ஒன்பதரைக்கு மேல், பனி காய்ந்த பிறகு, கட்டிய கம்பை விரலால் நாலு தட்டுத் தட்டினால் போதும். ஆறு மணிக்குத் தட்டிப் பயனில்லை. ஈரத்தில் மகரந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். பேட்டரியில் ஓடும் பல் துலக்கியைப் பூக்காம்பில் ஒரு நொடி வைப்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் அதைப் பார்த்து என் கணவர் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை, ஆனாலும் அது வேலை செய்கிறது.

காய் பிடித்தாயிற்று என்று நிம்மதியாக உட்கார்ந்தால் அடுத்து அடிப்பகுதி அழுகல் வரும். காயின் கூர்நுனியில் நீர்கோத்த பொட்டு ஒன்று தோன்றி, நாலைந்து நாளில் கறுத்து, தோலாக உள்ளே அமுங்கும். நீண்ட வடிவத் தக்காளிகளுக்கு இது அதிகம். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றதும் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்கள் இந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு பற்றாது என்று சொல்லமாட்டார்கள். சத்து மண்ணில் இருக்கிறது, காயின் நுனிவரை போய்ச் சேரவில்லை. அதைக் கொண்டுபோவது தண்ணீர் ஓட்டம். ஒருநாள் காயவிட்டு ஒருநாள் முழுகடித்தால் அந்த ஓட்டம் அறுகிறது. தண்ணீரில் உப்பு அதிகமானாலும் அதே கதைதான். முட்டை ஓடு மக்கிக் கரைவதற்குள் பருவமே முடிந்துவிடும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், வேர்ப்பகுதிக்கு மட்டும் தண்ணீர், மேலே மூடாக்கு. எங்கள் வீட்டில் பழைய உறைகிணறு இருப்பதால் கார்த்திகைக்குப் பிறகு அந்தத் தண்ணீரையே தக்காளிக்கு விடுகிறோம். ஆழ்துளைத் தண்ணீர்தான் கதி என்றால், பாத்தி ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கிறதா என்று கவனியுங்கள். பூத்தால் மழை நீரைத் தொட்டியில் பிடித்துவைத்து, வாரத்துக்கு ஒருமுறை நன்றாக ஊற்றி அலசிவிட வேண்டும். ஐப்பசி மழையை ஓட்டிலிருந்து ஒரு பீப்பாயில் பிடிப்பதற்கு அப்படி ஒன்றும் செலவு ஆகாது.

காய்ப்புழுவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மற்றத் தக்காளிச் செடியில் பத்துக் காய் போனாலும் ஐம்பது இருக்கும். இதில் செடி முழுக்க எண்ணினால் பத்துப் பதினைந்துதான் தேறும். ஒரு புழு இரவோடு இரவாகத் தலையை உள்ளே விட்டு ஒன்றை முடித்து அடுத்ததுக்கு நகரும். தோட்டத்தைச் சுற்றிச் செண்டுமல்லி வைப்பது பலிக்கிறது, தாய் அந்துப்பூச்சி அந்தப் பூவை விரும்பி அங்கே முட்டையிடும். செண்டுமல்லி தக்காளிக்கு முன்பே மொட்டுவிட்டிருக்க வேண்டும் என்பதால் அந்த நாற்றைப் பதினைந்து நாள் முன்னதாகவே தயார் செய்யுங்கள். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து மாலையில் தெளிக்கலாம். இலையில் வெளிறிய சுரங்கத் தடமும் காயில் குண்டூசித் துளையும் தெரிந்தால் அது ஊசிப்புழு. 2014-இல் இந்தியாவுக்குள் கண்டறியப்பட்ட தென்னமெரிக்கப் பூச்சி. அந்த இலையைக் கிள்ளி நசுக்குவதே வீட்டுத் தோட்டத்துக்கு உகந்த வைத்தியம். சந்தேகம் இருந்தால் இலையையும் காயையும் ஒரு பையில் போட்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம்.

அணிலுக்கு மட்டும் எந்தக் கரைசலும் எடுபடாது. காய்க்குச் சல்லாத்துணிப் பைதான். கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கிறார்களே, சுருக்குக் கயிறு வைத்த அந்தப் பைகளை எறியாமல் சேர்த்துவையுங்கள்.

மாசி பிறந்ததும் பழுக்கத் தொடங்கும். இங்கேதான் பலர் ஏமாந்துபோவதைப் பார்க்கிறேன். செடியிலேயே முழுக்கப் பழுத்தால் ருசி அதிகம் என்று காத்திருப்பார்கள். தக்காளிக்குச் சிவப்பைத் தரும் நிறமி 30 டிகிரிக்கு மேலே போனால் சரியாக உருவாகாது. மாசிப் பிற்பகுதியில் நம் பகல் 33, 34 டிகிரி. பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குழம்பி, தோள் பச்சையாகவே நின்று, உள்ளே வெந்துவிடும். கூர்நுனியில் இளஞ்சிவப்பு எட்டிப்பார்த்த உடனே காம்போடு பறித்து, வீட்டுக்குள் காற்றோட்டமான நிழலில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். நாலைந்து நாளில் ஒரே சீராக நிறம் ஏறும். அந்தக் கட்டத்துக்கு வந்த பழம் செடியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ருசியில் பெரிதாக எதையும் இழப்பதில்லை. அணிலுக்கும் கிளிக்கும் பங்கு போகாது என்பது கூடுதல் லாபம். குளிர்பதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

சமையலில் இதற்கு ஓர் இடம் உண்டு, எல்லா இடமும் இல்லை. ரசத்துக்கு இது உதவாது. புளிப்பும் சாறும் இல்லாத தக்காளியை வைத்துக்கொண்டு ரசம் வைத்தால் அது ரசமே அல்ல. அதற்கு நாட்டுத் தக்காளிதான். தொக்குக்கு இது அருமை. தண்ணீர் வற்றக் காத்திருக்கும் நேரம் பாதியாகிறது, எண்ணெய் சீக்கிரம் பிரிகிறது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி செய்யும்போது வெங்காயத்தோடு இதைப் பொடியாக அரிந்து போட்டால் தயிர் நீர்த்துப் போகாது. எனக்குப் பிடித்தது தடித்த வில்லையாக நறுக்கி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, அப்படியே சாப்பிடுவது. ஒருமுறை டோல்கேட் உழவர் சந்தையில் வழக்கமாகக் காய் வாங்கும் அம்மாளுக்கு ஒரு பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் எடை போட்டுப் பார்த்துவிட்டு, “ஏம்மா, நாலு பழம் வைத்தால் கிலோ தாண்டிவிடுமே, இதை யாருக்கு விற்பது?” என்றார். மறுவாரம் போனபோது, ருசி எப்படி என்று கேட்டேன். “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குழம்புக்குப் புளி கூடப் போட வேண்டியிருக்கிறது” என்றார். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

வீட்டுத் தக்காளிச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்றதே, அப்போது இந்தச் செடி கொல்லையில் இருக்காது. விலை ஏறும் ஆடியிலும் ஐப்பசியிலும் நமக்குப் பழம் கிடையாது. ஊரெல்லாம் தக்காளி மலிந்து கிடக்கும் மாசியில்தான் வரும். இரண்டு ஆக்ஸ்ஹார்ட் வைக்கும் இடத்தில் நாலு பி.கே.எம். 1 செடியையும் வையுங்கள். அது நம் பெரியகுளத்தில் உருவான ரகம், வெயிலுக்குப் பழகியது, அடுப்படியை அது பார்த்துக்கொள்ளும்.

அப்படி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது விதை எடுப்பதில் கவனம் தேவை. தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கைதான் என்றாலும், பெரிய காய் ரகங்களில் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி கூம்புக்கு வெளியே எட்டிப்பார்ப்பது உண்டு. வெயில் ஏறினால் இன்னும் நீளும். தேனீ பக்கத்துச் செடியின் மகரந்தத்தைப் பூசிவிட்டுப் போனால் அடுத்த தலைமுறை இதய வடிவத்தை மறந்துவிடும். விதைக்கென்று ஒரு கொத்தை மொட்டிலேயே தாம்பூலப் பைக்குள் விட்டு, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுச் சிவப்பு நூல் கட்டிவைக்கிறேன். தை கடைசியில் சூடு ஏறிய பிறகும் பிடித்துக்கொண்ட காய் எந்தச் செடியில் இருக்கிறதோ அந்தச் செடிக்கு விதை விஷயத்தில் முன்னுரிமை. வேலூர் முள்ளுக்கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடினோம்; இலவம்பாடிப் பக்கத்தில் நல்ல காயை விதைக்கு விட்டுவைத்த கைகள் இல்லாவிட்டால் அந்தக் கத்தரி இத்தனை காலம் நின்றிருக்குமா?

விதைக்கான பழம் நன்றாகக் கனிந்த பிறகு, விதையைச் சாற்றோடு கண்ணாடித் தம்ளரில் வழித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடிவையுங்கள். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு புளித்து நீங்க வேண்டும். புத்தகங்கள் மூன்று நாள் என்று சொல்லும். நம் ஊர்ச் சூட்டில் ஒன்றரை நாளிலேயே மேலே நுரை கட்டிவிடும். அதற்கு மேல் விட்டால் தம்ளரிலேயே முளை கிளம்பும். அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். செய்தித்தாளில் போட்டால் ஒட்டிக்கொண்டு வராது. ஒரு பழத்தில் விதை குறைவாகவே இருக்கும் என்பதால் சிக்கனமாகப் பழகிக்கொள்ள வேண்டும். அத்தை சாம்பலில் புரட்டி வைப்பார். நான் ஈரம் போகக் காயவைத்துச் சின்னப் பாட்டிலில் அடைத்து, ஆண்டை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன். நான்கைந்து ஆண்டு தாராளமாக முளைக்கும்.

பங்குனிக் கடைசியில் செடிகளைப் பிடுங்கும்போது வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் நெடுகச் சிறு சிறு முடிச்சு இருந்தால் அது நூற்புழு. பாரம்பரிய ரகங்கள் இதைத் தாங்காது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் வைத்தால் செடி எழவே எழாது. இதற்குத்தான் நம் கத்திரி வெயில் கைகொடுக்கிறது. பாத்தியை நன்றாக நனைத்து, கண்ணாடி நிறப் பாலித்தீன் தாளை விரித்து, ஓரமெல்லாம் மண் போட்டு அடைத்து, சித்திரை முழுக்கவும் வைகாசியில் பாதி வரையும் விட்டுவிடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், அது சூட்டை மேலேயே பிடித்துக்கொள்ளும். தாளை எடுத்த பிறகு அங்கே கத்தரி, மிளகாய் வைக்கக் கூடாது, அவை தக்காளியின் பங்காளிகள். வெண்டைக்கும் நூற்புழு பிடிக்கும், அதுவும் வேண்டாம். நான் ஆடியில் அந்தப் பாத்தி முழுக்கச் செண்டுமல்லி போடுகிறேன். அதன் வேர் நூற்புழுவை மட்டுப்படுத்துகிறது. ஆயுத பூஜைக்குப் பூப்பறித்த பிறகு ஓரத்து வரிசையைக் காய்ப்புழுவுக்கென்று நிறுத்திவிட்டு, மற்றதை அப்படியே மண்ணில் மடக்கி, மேட்டுப்பாத்தியை உயர்த்த ஆரம்பிக்கலாம். வலைக்குள் நாற்று அதற்குள் இரண்டு இலை விட்டிருக்கும்.